கம்யூனிட்டி காலேஜில் கிரிமினல் ஜஸ்டிஸ், ஹியூமன் சர்வீசஸ் படிப்பு: நியூயார்க் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

குவீன்ஸ் பௌன் தெருப் பிள்ளையார் கோவில் கேன்டீனில் தோசைக்கு நிற்கும்போது யாராவது மெதுவாகப் பக்கத்தில் வந்து, "மேடம், ஒரு நிமிஷம். பொண்ணு என்னமோ போலீஸ் படிப்பு படிக்கணுங்கிறா..." என்று ஆரம்பிப்பார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் பற்றிச் சொல்ல அதே வரிசையில் பத்துப் பேர் இருப்பார்கள். இந்த விஷயத்துக்கு நான் ஒருத்திதான் சிக்குகிறேன். 39 வயதில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து ஹியூமன் சர்வீசஸில் அசோசியேட் பட்டம் வாங்கினேன். இப்போது ஒரு ஷெல்டரில் கேஸ் மேனேஜர், அதாவது அங்கே தங்க வருபவர்களுக்கு வேண்டிய உதவிகளை ஏற்பாடு செய்பவள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே ஒரே தடவையாகப் பதில் எழுதி வைக்கிறேன். நியூயார்க் நகரத்தை மனதில் வைத்து எழுதுவது இது. மற்ற மாநிலங்களில் சட்டமும் கட்டணமும் வேறு.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் மார்க் இல்லாதவர்கள் போகும் இடம்தானே?

இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். "அதுக்கப்புறம் நல்ல காலேஜுக்கு மாத்திக்கலாம்ல?" என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். இது இரண்டாண்டுக் கல்லூரி. சுமார் 60 கிரெடிட் (பெரும்பாலும் ஒரு பாடத்துக்கு மூன்று) முடித்தால் அசோசியேட் பட்டம். 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரியைத்தான் முதலாவது என்பார்கள். பள்ளிப் படிப்பை முடித்த யாரும் சேரலாம், வடிகட்டுவது கிடையாது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகமான குனியின் கீழ் இப்படி ஏழு கல்லூரிகள் உண்டு. குவீன்ஸில் மட்டும் இரண்டு: பேசைடில் குவீன்ஸ்பரோ, லாங் ஐலண்ட் சிட்டியில் லகார்டியா.

சேர்வது சுலபம், முடிப்பதுதான் கஷ்டம். என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேரை இரண்டாம் வருடம் பார்க்கவில்லை. பாடம் கடினம் என்பதால் அல்ல. வேலை, வாடகை, குழந்தை.

கிரிமினல் ஜஸ்டிஸும் ஹியூமன் சர்வீசஸும் ஒரே படிப்பா?

இல்லை. கிரிமினல் ஜஸ்டிஸ் என்றால் போலீஸ், நீதிமன்றம், சிறை மூன்றும் எப்படி இயங்குகின்றன என்ற படிப்பு. ஹியூமன் சர்வீசஸ் என்றால் வீடில்லாதவர், போதையில் சிக்கியவர், அடிபட்ட மனைவி, மனநோயாளி, கைவிடப்பட்ட முதியவர் என்று உதவி தேடி வருபவரோடு உட்கார்ந்து வேலை செய்யக் கற்றுக்கொள்வது.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில், 1960களில்தான் கல்லூரிக்குள் பெரிய அளவில் நுழைந்தன. 1963இல் கென்னடி கையெழுத்திட்ட சமூக மனநலச் சட்டத்துக்குப் பிறகு பெரிய மனநல மருத்துவமனைகள் வேகமாகக் காலியாகின. வெளியே வந்தவர்களைப் பார்த்துக்கொள்ள டாக்டர் அல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள். இன்னொரு பக்கம், ஜனாதிபதி ஜான்சன் அமைத்த குற்றவியல் ஆணையம் 1967இல், போலீசாருக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்றது. மறு வருடம் வந்த சட்டத்தின் கீழ் போலீசார் படிக்க மத்திய அரசு பணம் கொடுத்தது. பணம் வந்ததும் ஊருக்கு ஊர் கல்லூரிகள் இந்தத் துறையைத் திறந்தன. அவசரத்தில் திறந்ததால் தரம் சரியில்லை என்ற விமர்சனம் பத்தாண்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

வேலையில் இறங்கியதும் இந்தப் பிரிவினை கரைந்துவிடும். ஷெல்டரில் என் எதிரே உட்காரும் ஆள் நேற்று கோர்ட்டில் நின்றவராக இருப்பார், நாளை ப்ரொபேஷன் அதிகாரியை, அதாவது சிறைக்குப் பதில் வெளியே விடப்பட்டவர்களைக் கண்காணிப்பவரைப் பார்க்க வேண்டியவராக இருப்பார். அதனால் எந்தப் பட்டத்துக்குப் படித்தாலும் மற்றதிலிருந்து இரண்டு பாடமாவது எடுங்கள் என்பேன்.

வகுப்பில் உண்மையில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? துப்பாக்கி, கராத்தே எல்லாம் உண்டா?

துப்பாக்கி போலீஸ் அகாடமியில். இங்கே வாசிப்பும் எழுத்தும்தான், அதுவும் நிறைய.

கிரிமினல் ஜஸ்டிஸில் குற்றவியல் சட்டம், குற்றவியல் கோட்பாடுகள், சிறை நிர்வாகம், அரசியலமைப்புச் சட்டம் என்று போகும். வழக்குகளைக் கதையாகச் சொல்லித்தான் தொடங்குவார்கள். எனக்கு மறக்காதது கிதியன் வழக்கு. ஃப்ளோரிடாவில் பனாமா சிட்டி என்ற ஊரில் ஒரு பில்லியர்ட்ஸ் கடையை உடைத்துத் திருடினார் என்று 1961இல் பிடிபட்ட ஏழை மனிதர். வக்கீல் வைக்கக் காசில்லை, கொடுங்கள் என்று கேட்டார். நீதிபதி முடியாது என்றார். சிறையிலிருந்து பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். பெரிய குற்ற வழக்குகளில் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மறுவிசாரணையில் வக்கீலோடு வந்தார், விடுதலையானார். அந்தப் பென்சில் எழுத்து மனுவின் படத்தைத் திரையில் போட்டபோது வகுப்பில் ஒருத்தரும் போனைத் தொடவில்லை.

அடுத்து 1968இன் டெர்ரி வழக்கு, அதாவது போலீஸ் எப்போது ஒருவரை நிறுத்தித் தடவிப் பார்க்கலாம் என்பது. அதிலிருந்து நேராக 2013இல் நியூயார்க் போலீசின் 'நிறுத்திச் சோதிக்கும்' முறை அரசியலமைப்புக்கு விரோதமாக நடத்தப்பட்டது என்று வந்த தீர்ப்புக்குப் போவார்கள். என் வகுப்பில் போலீசாக ஆசைப்பட்ட செக்யூரிட்டி கார்டு ஒருவர் இருந்தார். அவருக்கு முன் பெஞ்சில், பத்துத் தடவைக்கு மேல் தெருவில் நிறுத்தப்பட்ட பையன். அன்று பேராசிரியருக்கு வேலையே இல்லை. இந்தக் கலவை விலை உயர்ந்த கல்லூரிகளில் கிடைப்பது அபூர்வம்.

ஹியூமன் சர்வீசஸில் முக்கியமான பாடம் நேர்காணலும் குறிப்பெழுதுவதும். "இதிலென்ன இருக்கு" என்றுதான் நானும் நினைத்தேன். முதல் பயிற்சியில், நடிக்க வந்தவரோடு பதினைந்து நிமிடம் பேசிவிட்டு, "கோபக்காரர், ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் 'கோபக்காரர்' என்பதைச் சுழித்து, "கண்ணால் என்ன பார்த்தாய்?" என்று பக்கத்தில் எழுதினார். திருத்தி எழுதியது இப்படி வந்தது: "மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவில்லை. இரண்டு முறை எழுந்து கதவு வரை போய்த் திரும்பினார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார்." முதல் குறிப்பைப் படிக்கும் நீதிபதி ஒரு முரடனைப் பார்ப்பார், இரண்டாவதைப் படிப்பவர் பசித்த மனிதனைப் பார்ப்பார். நாம் எழுதும் கேஸ் நோட்டை ஒருநாள் கோர்ட் கேட்டு வாங்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஏ.ஏ., ஏ.எஸ்., ஏ.ஏ.எஸ். என்று மூன்று போட்டிருக்கிறார்களே, எதில் சேர்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மூன்றும் அசோசியேட் பட்டத்தின் வகைகள். ஏ.ஏ., ஏ.எஸ். இரண்டும் நாலு வருடக் கல்லூரிக்கு மாறுவதற்காக அமைந்தவை. ஏ.ஏ.எஸ். நேராக வேலைக்குப் போவதற்காக. அதிலுள்ள தொழிற்பாடங்களை மேற்படிப்புக் கல்லூரி ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், பின்னால் ஒரு வருடப் படிப்பே வித்தியாசமாகிவிடும்.

நான் பட்ட பாடு: முதலில் வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரியில் மாலை வகுப்புகள் எடுத்தேன். அங்கிருந்த அட்வைசர் "எல்லாம் மாறும்" என்று வாயால் சொன்னார். நியூயார்க் வந்தபோது ஒன்பது கிரெடிட் கழிந்துபோனது. மூன்று பாடம், மூன்று பாடத்துக்கான பணம், ஒரு குளிர்காலம் முழுக்க ராத்திரி பஸ். அன்றிலிருந்து "மாறும்" என்று யார் சொன்னாலும் "ஈமெயிலில் அனுப்புங்கள்" என்பேன்.

குனிக்குள் இந்தச் சிக்கல் குறைவு. மன்ஹாட்டனில் உள்ள ஜான் ஜே கல்லூரி, 1964இல் போலீஸ் அறிவியல் கல்லூரியாகத் தொடங்கியது, இந்தத் துறைக்கே பெயர் போனது. அதுவும் குனியின் கம்யூனிட்டி காலேஜ்களும் சேர்ந்து 'ஜஸ்டிஸ் அகாடமி' என்ற கூட்டு ஏற்பாடு வைத்திருக்கின்றன. அதன் வழியாகக் கிரிமினல் ஜஸ்டிஸ் அசோசியேட் முடித்தால் 60 கிரெடிட்டும் அப்படியே ஜான் ஜேவுக்குப் போகும், மீதி 60இல் இளங்கலை. ஹியூமன் சர்வீசஸ் முடித்தவர்கள் பெரும்பாலும் சோஷியல் வொர்க் இளங்கலைக்குப் போகிறார்கள். குவீன்ஸின் ஜமைக்கா பகுதியிலுள்ள யார்க் கல்லூரியில் அது உண்டு. போய்ச் சேர வேண்டிய கல்லூரியை முதல் செமஸ்டருக்கு முன்பே தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கிப் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

செலவு?

நியூயார்க்வாசிக்கு குனி கம்யூனிட்டி காலேஜில் முழுநேரக் கட்டணம் செமஸ்டருக்கு 2,400 டாலர், வருடம் 4,800. மேலே சில்லறைக் கட்டணங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்து வருமானம் குறைவாக இருந்தால் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் நிரப்பி மத்திய அரசின் பெல் உதவித்தொகை கேட்கலாம். 2025-26க்கு அதன் உச்சவரம்பு 7,395 டாலர். முழுதாகக் கிடைத்தால் கட்டணம் போகப் புத்தகத்துக்கும் மிஞ்சும், திருப்பிக் கட்ட வேண்டாம். மாநிலத்தின் டாப் (TAP) என்ற உதவித்தொகையும் உண்டு.

நம்மவர்கள் "எங்களுக்கெல்லாம் தர மாட்டாங்க" என்று படிவத்தையே தொடுவதில்லை. தொடுங்கள்.

எங்கள் பிள்ளை எச்-4இல் இருக்கிறான். படிக்கலாமா?

படிக்கலாம். எச்-4 என்பது எச்-1பியில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா, அதனால் பெல் கிடைக்காது. நியூயார்க் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டாவது படித்து முடித்து, ஐந்து ஆண்டுக்குள் சேர்ந்தால் உள்ளூர்க் கட்டணம் கேட்க வழி உண்டு. கல்லூரி அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் பிள்ளையிடம் ஒன்றை மறைக்காதீர்கள். நியூயார்க் போலீசில் பணியில் சேர 21 வயதும் அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும். எச்-4 அந்தஸ்து போவதும் அதே 21இல்தான். அந்த வயதில் அவன் கனவும் விசாவும் மோதிக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் 2023 முதல் போலீசுக்குக் குடியுரிமை கட்டாயமில்லை, வேலை செய்யச் சட்டப்படி அனுமதி இருந்தால் போதும். இல்லினாயும் 2024 முதல் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. நியூயார்க் அப்படி இல்லை. ஹியூமன் சர்வீசஸ் பக்கம் குடியுரிமைத் தொல்லை குறைவு, வேலை அனுமதி மட்டும் கேட்பார்கள்.

முடித்ததும் போலீஸ் ஆகிவிடலாமா?

பட்டம் கையில் இருந்தால் தானாக வேலை வராது. தேர்வு, உடல் தகுதி, மனநலப் பரிசோதனை, பின்புல விசாரணை எல்லாம் தாண்டி, குவீன்ஸ் காலேஜ் பாயின்ட்டில் உள்ள அகாடமியில் சுமார் ஆறு மாதம். நியூயார்க் போலீஸ் முன்பு 60 கிரெடிட் கேட்டது, ஆள் கிடைக்காமல் 2025இல் 24 ஆகக் குறைத்துவிட்டது. "அப்போ எதுக்கு முழுசா படிக்கணும்?" என்று ஒரு தம்பி கேட்டான். சார்ஜென்ட், லெஃப்டினென்ட் என்று ஏற ஏறக் கேட்கும் கிரெடிட்டும் ஏறும். கேப்டன் ஆக இளங்கலையே வேண்டும். பணியில் சேர்ந்த பிறகு இரவு ஷிஃப்டும் வகுப்புமாக அதை முடிப்பது எவ்வளவு சுகம் என்று முடித்தவரைக் கேளுங்கள்.

பின்புல விசாரணையை நம் வீடுகளில் யாரும் பொருட்படுத்துவதில்லை. டிராஃபிக் டிக்கெட், கட்டாத கிரெடிட் கார்டு, பழைய வேலையில் சண்டை போட்டு நின்றது, சமூக ஊடகத்தில் கிறுக்கியது எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தப்பைவிடத் தப்பை மறைத்ததற்காகத் தள்ளப்படுவதுதான் அதிகம் என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். அவர் ஓய்வு பெற்ற டிடெக்டிவ்.

எஃப்.பி.ஐ.?

ஸ்பெஷல் ஏஜென்ட் வேலைக்குக் குடியுரிமை, இளங்கலைப் பட்டம், முழுநேர வேலை அனுபவம், வயது 23 முதல் 36. அசோசியேட் மட்டும் போதாது. கஞ்சா நியூயார்க்கில் 2021 முதல் சட்டபூர்வம்தான், மத்திய சட்டத்தில் இல்லை. விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் தொட்டிருந்தால் எஃப்.பி.ஐ. எடுக்காது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள், கூச்சப்படாமல்.

டிவியில் வருகிற மாதிரி ரத்தத் துளி, கைரேகை ஆராய்ச்சி?

அது தடயவியல். அடிப்படையில் வேதியியல். கிரிமினல் ஜஸ்டிஸில் சேர்ந்துவிட்டு இரண்டாம் வருடம் "லேப் எங்கே?" என்று தேடாதீர்கள். மன்ஹாட்டன் கம்யூனிட்டி காலேஜில் ஜான் ஜே தடயவியலுக்குக் கொண்டு போகும் தனி அறிவியல் பட்டமே இருக்கிறது.

வக்கீலாக இது முதல் படியா?

எந்த இளங்கலையும் முதல் படிதான். சட்டக் கல்லூரி மூன்று வருடம், அதற்கு முன் ஏதாவது ஒரு பட்டம். கிரிமினல் ஜஸ்டிஸுக்குத் தனிச் சலுகை கிடையாது.

ஹியூமன் சர்வீசஸ் முடித்தால் சோஷியல் வொர்க்கர் என்று போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. நியூயார்க்கில் சோஷியல் வொர்க் உரிமத்துக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். அசோசியேட்டோடு கிடைப்பவை கேஸ் மேனேஜர், இன்டேக் பணியாளர் (புதிதாக வருபவரின் விவரம் பதிபவர்), குடியிருப்பு உதவியாளர் மாதிரி வேலைகள். நியூயார்க் நகரத்தில் இந்த வேலைகள் நிறைய இருக்க ஒரு காரணம், வீடில்லாதவருக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்று 1981இல் காலஹன் வழக்கில் நகரம் ஒப்புக்கொண்டதுதான். நகரின் குழந்தைகள் பாதுகாப்புப் பணிக்கு இளங்கலை கேட்பார்கள். அதற்கு வேண்டிய 24 சமூக அறிவியல் கிரெடிட்டில் ஹியூமன் சர்வீசஸ், கிரிமினல் ஜஸ்டிஸ் பாடங்களும் சேரும்.

போதை மீட்பு ஆலோசகர் ஆக மாநிலத்தின் கசாக் (CASAC) சான்றிதழ் தனி வழி. 350 மணி நேரப் படிப்பு, 6,000 மணி நேர அனுபவம். அசோசியேட் இருந்தால் அனுபவத்தில் 1,000 மணி குறைப்பார்கள்.

சம்பளம் பற்றி மழுப்ப விரும்பவில்லை. சமூக, மனிதச் சேவை உதவியாளர்களின் நடுமட்டச் சம்பளம் நாடு முழுக்க 2024 கணக்கில் ஆண்டுக்கு 45,000 டாலரை ஒட்டி. போலீசுக்கு 75,000க்கு மேல். குவீன்ஸ் வாடகையைக் கொண்டு வந்து 45,000 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாளாகச் சமாளிப்பது கஷ்டம். இளங்கலைக்குப் போகும் திட்டத்தோடு மட்டும் இதில் சேருங்கள் என்று சொல்வது அதனால்தான்.

பழைய கேஸ் ஒன்று இருக்கிறது. படிக்க முடியுமா?

படிக்க முடியும். சிறையில் இருப்பவர்களுக்கு 1994இல் பறித்த பெல் உதவியையே 2023 ஜூலையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போலீஸ் வேலை கிடைப்பது கடினம். ஹியூமன் சர்வீசஸில் அனுபவித்து மீண்டவருக்கு மதிப்பு உண்டு, சக ஆலோசகர் என்ற பதவியே இருக்கிறது. குழந்தைகளோடு வேலை என்றால் மட்டும் சோதனை கடுமை.

ஃபீல்ட் வொர்க் என்கிறார்களே, சம்பளம் உண்டா?

பெரும்பாலும் கிடையாது. எனக்கு வாரம் ஒரு நாள் முதியோர் மையத்தில். முதல் மாதம் மருத்துவ உதவிப் படிவங்களை நகல் எடுத்ததுதான் வேலை. இரண்டாம் மாதம்தான் ஒரு பாட்டி தன் கடிதக் கட்டை என்னிடம் நீட்டினார். ஏழு மாதமாகப் பிரிக்காத உறைகள். இந்தத் துறை நமக்கு ஒத்து வருமா என்பது அந்த மாதிரி மேஜையில்தான் தெரியும், புத்தகத்தில் தெரியாது.

வேலைக்குப் போய்க்கொண்டே, 40 வயதில்?

முடியும், மாலை வகுப்பு உண்டு. முழுநேரமாக எடுக்க முடிந்தால் குனியின் அசாப் (ASAP) திட்டத்தில் சேரப் பாருங்கள். 2007இல் தொடங்கியது, தனி அட்வைசர், பஸ்-சப்வே செலவு, புத்தகத்துக்கு உதவி. ஆய்வில் மூன்றாண்டுக்குள் பட்டம் முடித்தவர்கள் திட்டத்துக்கு வெளியே 22 சதவீதம், உள்ளே 40 சதவீதம். பஸ் பாஸும் கேட்க ஓர் ஆளும் இருந்தாலே இவ்வளவு வித்தியாசம்.

ஊரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் இதைப் படிக்க வரலாமா?

வேண்டாம். வெளிநாட்டு மாணவர் கட்டணம் அதிகம், முடித்தபின் ஓபிடி என்ற ஒரு வருட வேலை அனுமதிதான், போலீஸ், மத்திய அரசு வேலைகள் குடியுரிமை கேட்கும். ஆர்வம் இருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனாரிலும் குற்றவியல் துறை இருக்கிறது. சோஷியல் வொர்க்குக்கு 1952 முதல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்.

இந்த வேலையில் தமிழுக்கு ஏதாவது பயன் உண்டா?

நியூயார்க்கில் சகி, நியூ ஜெர்சியில் மானவி என்று தெற்காசியப் பெண்களுக்கான அமைப்புகள் 1980களிலிருந்தே இருக்கின்றன. அங்கே இந்தி, வங்காளம், பஞ்சாபி பேசுபவரைவிடத் தமிழ் பேசுபவரைப் பிடிப்பது சிரமம். ஒருமுறை வேறு அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கோப்பில், தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசிய ஒரு தமிழ்ப் பெண், கணவர் "கையை நீட்டினார்" என்று சொன்னதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. வன்முறை உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று டிக். நான் அவரைக் கூப்பிட்டு, "அக்கா, கை நீட்டினாருன்னா அடிச்சாரா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பின்ன என்னம்மா, கை குலுக்கவா நீட்டினாரு?" என்றார். படிவத்தைப் புதிதாக நிரப்பினோம்.